மீன் எண்ணெய் மாத்திரை: டப்பாவைத் திருப்பிப் படிங்க முதல்ல

நாப்பது வயசு தாண்டுனா போதும், யாராவது ஒருத்தர் "மீன் எண்ணெய் மாத்திரை போடுங்க, ஹார்ட்டுக்கு நல்லது"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. ஜிம் கோச் சொல்றாரு, யூடியூப் டாக்டர் சொல்றாரு, அமெரிக்காவுல இருந்து வர்ற மச்சான் பெட்டியில பெரிய டப்பாவா கொண்டாந்து தர்றாரு. வேண்டாம்னு சொல்ல வரல, ஆனா முக்காவாசி பேரு எதை வாங்குறோம்னே தெரியாம வாங்குறாங்க.

முன்பக்கம் 1000 மில்லிகிராம்னு கொட்டை எழுத்துல இருக்கும். அது எண்ணெயோட எடை. நமக்கு வேண்டிய சரக்கு அதுக்குள்ள இருக்கிற இபிஏ, டிஹெச்ஏங்கிற ரெண்டு ஒமேகா 3 கொழுப்பும்தான், சாதாரண கேப்சூல்ல அது 180, 120, ஆக மொத்தம் 300, மிச்சமெல்லாம் வேற கொழுப்பு. பின்பக்கம் பொடி எழுத்துல இது இருக்கும், சில டப்பாவுல ரெண்டு மாத்திரைக்கு சேத்து கணக்கு போட்டிருப்பாங்க, அதையும் கவனிக்கணும். மாத்திரை என்ன விலைன்னு பாக்காம இந்த ரெண்டுக்கும் என்ன விலை கொடுக்கிறோம்னு வகுத்துப் பாருங்க, சீப்பா தெரிஞ்சது பல நேரம் காஸ்ட்லியா நிக்கும்.

சரி, ஹார்ட்டுக்கு நல்லதா? 2018ல அமெரிக்காவுல வைட்டல்னு ஒரு ஆய்வு முடிவு வந்துச்சு, 25,871 பேரு, தினம் 840 மில்லிகிராம் இபிஏ டிஹெச்ஏ, அஞ்சு வருஷத்துக்கு மேல. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் சாவு எல்லாம் சேத்துப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. அதே வருஷம் பிரிட்டன்ல சுகர் உள்ள 15,480 பேர வச்சு பண்ண அசெண்ட் ஆய்வுலயும் அதே கததான். அப்போ 300 உள்ள ஒத்த மாத்திரைய போட்டுட்டு தைரியமா பரோட்டா சாப்பிடுறவங்கள என்ன சொல்றது.

இதுக்கு பதில் சொல்றவங்க ரெட்யூஸ்-இட்னு ஒரு ஆய்வ காட்டுவாங்க, இதயப் பிரச்சனை 25% குறைஞ்சதுன்னு. உண்மைதான். ஆனா அது சுத்திகரிச்ச இபிஏ மட்டும், தினம் 4 கிராம், ட்ரைகிளிசரைட்ங்கிற ரத்தக் கொழுப்பு ஏறிப்போய், ஏற்கனவே ஸ்டேட்டின்ங்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துட்டிருந்தவங்களுக்கு. அதுலயும் ஒப்பிடுறதுக்காக இன்னொரு குழுவுக்கு கொடுத்த மினரல் ஆயிலே கெடுதல் பண்ணியிருக்குமோன்னு இன்னும் சண்டை ஓடுது. 2020ல ஸ்ட்ரெந்த் ஆய்வுல சோள எண்ணெயோட ஒப்பிட்டு 4 கிராம் ஒமேகா 3 கொடுத்தாங்க, பலன் தெரியல, பாதியிலயே நிறுத்திட்டாங்க. ரெண்டுலயும் இதயத்துடிப்பு தாறுமாறா போற ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் மட்டும் கூடுச்சு. அதனால அதிக டோஸ் எல்லாம் ரத்த ரிப்போர்ட்ட பாத்துட்டு டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம், பார்மசி கவுன்டர்ல நாமளே முடிவு பண்றதில்ல.

தரம்னு வந்தா எனக்கு பெரிய கவலை எண்ணெய் சிக்கடிச்சுப் போறதுதான். ஒமேகா 3 காத்து, வெளிச்சம், சூடு மூணுக்கும் ஆகாது, சீக்கிரம் ஆக்சிடைஸ் ஆகிடும். இதை அளக்க டோடாக்ஸ்னு ஒரு எண் இருக்கு, 26க்குள்ள இருக்கணும்ங்கிறது இந்த துறையே வச்சிருக்கிற அளவு. நல்ல கம்பெனின்னா பேட்ச் வாரியா டெஸ்ட் ரிப்போர்ட் தருவான், கேட்டா மழுப்புறவன்கிட்ட நான் வாங்க மாட்டேன். வீட்டுல சோதிக்கணும்னா ஒரு கேப்சூல ஊசியால குத்தி மோந்து பாருங்க, லேசா மீன் வாசம் அடிச்சா சரி, பழைய பெயின்ட் மாதிரி குப்புன்னு அடிச்சா குப்பைத்தொட்டி. லெமன் ஃப்ளேவர் போட்டதுல இந்த சோதனை பலிக்காது, வாசனை மறைச்சிடும்.

இந்த எண்ணெய்ல பெரும்பங்கு பெரு நாட்டுக் கடல்ல பிடிக்கிற ஆங்கோவேட்டால இருந்து வருது, நம்ம நெத்திலியோட சொந்தக்கார மீன்தான் அது. மீன் சாப்பிடுற வீடுன்னா வாரம் ரெண்டு தடவ மத்தியோ கானாங்கெளுத்தியோ கொழம்பு வைங்க, புரோட்டீனும் சேந்து கிடைக்கும். சைவக்காரங்களுக்கு ஆளி விதைன்னு சொல்றாங்க, அதுல இருக்கிறது ஏஎல்ஏங்கிற வேற வகை ஒமேகா 3, உடம்பு அதுல கொஞ்சத்தைதான் இபிஏவா மாத்தும், டிஹெச்ஏ அதைவிட கம்மி. கடல்பாசி எண்ணெய் கேப்சூல் இருக்கு, விலை ஜாஸ்தி.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க டாக்டர்கிட்ட சொல்லாம இதை ஆரம்பிக்காதீங்க. அப்புறம், எந்த பிராண்டுன்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, டப்பாவோட பின்பக்கத்த போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க, சேந்து கணக்கு பாப்போம்.