வீடு மாத்திரை இல்லை

போன வருடம் எனக்குக் கணுக்காலில் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். நாலே வரி. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கவும். கட்டு நனையக் கூடாது. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின். பத்து நாள் கழித்து வரவும்.

படுத்தே கிடந்ததால் அந்தத் தாளை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. நாலு வரியுமே வீடு இருக்கிறவனுக்கு எழுதியது. தெருவில் படுப்பவர் காலை எதன் மேல் தூக்கி வைப்பார்? மழை வந்தால் கட்டை எங்கே ஒளிப்பார்? மாத்திரையே பையோடு களவு போய்விட்டால்? அன்றிலிருந்து வீடின்மையும் உடல்நலமும் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். படித்ததில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பின்கதை. அமெரிக்காவில் வீடற்றவர்களுக்கு வீடு கொடுக்க வெகுகாலம் இருந்த முறை, படிப்படியாக ஏறுவது. முதலில் தங்குமிடம், அப்புறம் சிகிச்சை, குடியை விட்டதற்கு அத்தாட்சி, எல்லாம் முடிந்து கடைசியில்தான் வீட்டுச் சாவி. நடுவில் ஒருநாள் சறுக்கினால் மறுபடி தெரு. பரமபதம் மாதிரிதான், ஆனால் ஏணி குறைவு, பாம்பு அதிகம். 1992இல் நியூயார்க்கில் சாம் ட்செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் சாவி. மனநல உதவியும் போதை சிகிச்சையும் அந்த வீட்டைத் தேடி வரும், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். கெட்டுப்போவார்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், அவர் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 88 சதவீதம் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். பழைய முறையில் போனவர்களில் 47 சதவீதம்தான்.

கனடா இதை இன்னும் பெரிதாகச் சோதித்தது. ஐந்து நகரங்கள், மனநோயும் இருந்த வீடற்றவர்கள் 2000க்கும் மேல், குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஆய்வின் கடைசி ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டால், வீடு கொடுக்கப்பட்ட குழுவில் முழுநேரமும் வீட்டில் இருந்தவர்கள் 62 சதவீதம், மற்ற குழுவில் 31. ஆக, வீடு கொடுத்தால் மனிதர்கள் வீட்டில் இருப்பார்கள். இதில் இனி வாதாட எதுவும் இல்லை.

சரி, உடல்நலம்? இங்கேதான் சிக்கல். 2018இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஆதரவு வீடுகளால், அதாவது உதவியும் கூடவே வரும் இந்த மாதிரி வீடுகளால், உடல்நலம் மேம்படுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை, எச்.ஐ.வி. நோயாளிகள் விஷயம் மட்டும் விதிவிலக்கு என்றது அறிக்கை. வீடு கொடுப்பதே வீண் என்பவர்கள் இதைக் கொண்டாடினார்கள். வீட்டுக்காகப் போராடியவர்களில் சிலர் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

எச்.ஐ.வி. ஏன் விதிவிலக்கு என்று யோசித்துப் பாருங்கள். மருந்து உண்டு, அது வேலை செய்யும். ஒரே நிபந்தனை, தவறாமல் சாப்பிட வேண்டும். அதற்குத் தேவை மாத்திரையை வைக்க ஓர் இடம், ஒழுங்கான தூக்கம். சிகாகோ ஆய்வு ஒன்றில் ஒரு வருட முடிவில் எதிர்ப்புச் சக்தி குலையாமல் உயிரோடு இருந்தவர்கள், வீடு கிடைத்த குழுவில் 55 சதவீதம், கிடைக்காத குழுவில் 34. வீட்டுக்கும் நோய்க்கும் நடுவில் நேர்க்கோடு இருக்கும் இடத்தில் பலன் பளிச்சென்று தெரிகிறது.

மற்ற நோய்களுக்கு அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. இருபது வருடம் தெருவில் கிடந்து கெட்ட ஈரல், இரண்டு வருட ஆய்வுக்குள் தேறுமா? போதாக்குறைக்கு, ஆய்வில் சேர்வதே நிலைமை படுமோசமாக இருக்கும் சமயத்தில்தான். அங்கிருந்து யாராக இருந்தாலும் கொஞ்சம் மேலே வருவார்கள், வீடு கிடைக்காத குழுவும்தான். கனடாவில் மனநோய் அறிகுறிகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தன. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பாஸ்டனில் 2003 முதல் 2008 வரை வீடற்றவர்களின் மரணங்களை ஆராய்ந்தபோது முதல் காரணமாக இருந்தது அளவுமீறிய போதைமருந்து. பூட்டிய அறைக்குள் தனியாக மயங்கிக் கிடப்பவரைத் தெருவில் கிடப்பவரைப் போல யாரும் பார்க்கப் போவதில்லை. சுவரும் கூரையும் மட்டும் போதாது, கதவைத் தட்ட ஆள் வேண்டும். 'ஆதரவு' என்ற சொல் அங்கேதான் வருகிறது. பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான்.

அப்புறம் இந்தப் பணக் கணக்கு. வீடு கொடுத்தால் ஆஸ்பத்திரி, சிறைச் செலவு மிச்சம் என்று சொல்லிச் சொல்லியே ஆட்சியாளர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். பாதி உண்மைதான். கனடாவில் மிக அதிக உதவி தேவைப்பட்டவர்களுக்குச் செலவழித்த ஒவ்வொரு 10 டாலருக்கும் 9.60 டாலர் வேறு செலவில் மிச்சமானது. அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு 3.42தான். அப்படியானால் அவர்களுக்கு வீடு வேண்டாமா? என் கணுக்காலை வெட்டித் தைத்தபோது அதனால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடக்க முடிகிறதா என்றுதான் கேட்டார்கள்.

வீட்டை மருந்தாக விற்கப் போனால், மருந்துக்குக் கேட்கும் கேள்வியெல்லாம் வீட்டுக்கும் வரும், நாமேதான் மாட்டிக்கொள்வோம். வீட்டை வீடாகவே கேட்போம் என்பது என் கட்சி.

கடைசியாகப் படித்தது கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்ட ஆய்வு, 2020இல் வந்தது. அவசரப் பிரிவு, ஆஸ்பத்திரி, சிறை என்று ஓயாமல் வந்து போகும் வீடற்றவர்களைத் தேர்ந்தெடுத்துக் குலுக்கல் முறையில் ஆதரவு வீடு கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் சாவு நிற்கவில்லை, படிக்க மனது கனத்தது. ஆனால் வீடு கிடைத்தவர்கள் மனநல அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது, முன்கூட்டித் தேதி குறித்து வெளிநோயாளியாக மனநல சிகிச்சைக்குப் போவது கூடியது. என் தாளின் நாலாவது வரி ஞாபகம் வந்தது. பத்து நாள் கழித்து வரவும். அவர்கள் போயிருக்கிறார்கள்.