போர்ட்டிக்சனுக்கு வந்து கடலை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கோலாலம்பூர்ச் சொந்தங்கள் பாயும் பிரியாணிச் சட்டியுமாக சிலியாவ் ஊரில் உள்ள எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். பசியாறிவிட்டு நேரே நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கடற்கரை ஊரான போர்ட்டிக்சன். சாயங்காலம் திரும்பும்போது ஒரே பல்லவி: "தண்ணி கலங்கலா இருக்கு, பேசாம லங்காவிக்கே போயிருக்கலாம்." சரி, போங்கள், யார் தடுத்தது? மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த கடல், சேறும் வண்டலும் கலங்கத்தான் செய்யும்.

குளிக்க மட்டும் வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். பாதியில் கைவிட்ட ஓட்டல் கட்டடங்கள் வேறு பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் இது துறைமுகமாகப் பிழைத்த ஊர். 1891-இல் சிரம்பானிலிருந்து இங்கே ரயில் விட்டது கடற்காற்று வாங்கவா? ஈயம் ஏற்றத்தான், அப்புறம் ரப்பரும் சேர்ந்துகொண்டது. ஈயத்தால் கொழித்த லூக்குட் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே குன்றின்மேல் அந்த ஊரை ஆண்ட ராஜா ஜுமாஅட் 1847-இல் கட்டிய கோட்டையின் மிச்சமும் அகழியும் இன்னும் இருக்கின்றன, 1880 வரைக்கும் லூக்குட் பக்கத்து மாநிலமான சிலாங்கூருக்குச் சொந்தம் என்று சொன்னால் என் அத்தை மகனே நம்ப மாட்டேன் என்கிறான்.

தோட்டத்தில் யாராவது தவறிவிட்டால் அஸ்தி கரைக்க நாங்கள் வருவதும் இந்தக் கலங்கல் தண்ணீருக்குத்தான். பெரியப்பாவுக்குச் செய்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் தள்ளி பனானா போட்டில் பிள்ளைகள் ஊரே கேட்கக் கத்துகிறார்கள், பூமாலை ஒன்று மிதந்துபோய் அந்தப் படகுக் கயிற்றில் சிக்கிக்கொண்டது. சின்னம்மாவுக்கு ஒரே கோபம். எனக்கு வரவில்லை. பெரியப்பாவே தோட்டத்து லோரியில் வந்து ஏழாங்கட்டைக் கடற்கரையில் கூத்தடித்த ஆள்தானே.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டுமேடு தஞ்சோங் துவான், அதற்கும் ஏறிப் பாருங்கள். நெகிரி செம்பிலானுக்குள்ளே இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் 1606-இல் கப்பல்களைக் கொளுத்திக்கொண்டு சண்டை போட்டது அதற்கு எதிரே உள்ள கடலில். இப்போது நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1863-இல் பிரிட்டிஷ்காரர்கள் கட்டியது. என்னைக் கேட்டால் மார்ச்தான் நல்ல மாதம். சுமத்ராவிலிருந்து தேன் பருந்துகள் நீரிணையைக் கடந்து வடக்கே போகும் காலம். கடலுக்கு மேலே அவற்றைத் தூக்கிவிட வெப்பக்காற்று கிடைக்காது, அதனால் நீரிணை குறுகலாக இருக்கும் இந்த இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. தாழ்வாக, களைத்துப்போய் வரும். கரை தட்டியதும் காட்டுக்கு மேலே எழும் சூட்டைப் பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமலே வட்டம் போட்டு மேலே போய்விடும்.

வெயில் ஏறினால்தான் பருந்து வரும், விடியற்காலையிலேயே போய்க் காத்திருந்து என்னைத் திட்டாதீர்கள், பத்து மணிக்கு மேல் போனால் போதும். மேட்டுச் சாலை மூச்சு வாங்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்.