நாலு கேள்விக்குறி

(சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம். முதலாளி அண்ணாச்சி, ஆர்டர் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் தம்பி.)

அண்ணாச்சி: வாங்க தம்பி. உங்க புரோகிராம் மறுபடி படுத்துவிட்டது.

தம்பி: என்னுடையது இல்லை அண்ணாச்சி, எனக்கு முன்னால் யாரோ விபி 6-ல், அதாவது விஷுவல் பேசிக் 6 என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதியது. என்ன செய்தீர்கள்?

அண்ணாச்சி: திரையில் டிரைவ் பட்டியல் காட்டும் இந்தப் பெட்டியில் ‘இ’ டிரைவைத் தொட்டேன். ‘டிவைஸ் அன்அவெய்லபிள்’ என்றது. மொத்தமாக மூடிக்கொண்டது.

தம்பி: பிழை எண் 68. அது காலி டிவிடி டிரைவ். நீங்கள் டிரைவைத் தொட்டதும் பக்கத்து ஃபோல்டர் பெட்டி அதற்குள் எட்டிப் பார்க்கும். உள்ளே டிவிடி இல்லையென்றால் என்ன செய்வது என்று எழுதியவர் சொல்லி வைக்கவில்லை. இரண்டு வரி, இதோ போட்டாயிற்று.

அண்ணாச்சி: அப்படியே இதையும் பாருங்க. ராமு கல்யாணத்துக்கு 500 பத்திரிகை அடித்தோம். பிரித்தால், பாதி கோபி மகன் காதுகுத்து!

தம்பி: பெயரைப் பார்த்து அனுப்பவில்லையா?

அண்ணாச்சி: பெயர் எங்கே இருக்கிறது? ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் இந்த ஃபைல் பெட்டியில் எல்லாம் கேள்விக்குறி. டிசைனர் பையன் எண்ணி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். நாலு என்றால் ராமு, ஆறு என்றால் முத்து.

தம்பி: முத்து மூன்று எழுத்துதானே?

அண்ணாச்சி: நானும் அதைத்தான் கேட்டேன். ‘ஆறுதான் வருது’ என்கிறான்.

தம்பி: (விரல் விட்டு) ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி... பையன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்! யூனிகோடு என்றால் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறை. அதில் ஒவ்வொன்றும் தனி. இந்தப் பெட்டிக்கு யூனிகோடு தெரியாது, ஒன்றுக்கு ஒரு கேள்விக்குறி வைத்துவிடும்.

அண்ணாச்சி: அப்போ கோபி?

தம்பி: க, ஓகாரக் குறி, ப, இகரக் குறி. நாலு.

அண்ணாச்சி: போச்சு.

தம்பி: அதோடு போகவில்லை. காப்பி செய்யும் கட்டளைக்குக் கேள்விக்குறி என்றால் ‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்று அர்த்தம். ராமுவைக் கூப்பிட்டால் நாலு குறிக்காரர் எல்லாரும் பிரிண்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அண்ணாச்சி: பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி!

தம்பி: விபி 6 வந்தது 1998-ல். இந்தப் பெட்டிகள் அதற்கும் முந்தியவை. 2008-லேயே விபி 6-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

அண்ணாச்சி: என் ஆஃப்செட் மெஷினும் 1998-க்கு முந்தியதுதான் தம்பி. கொடுத்ததைத்தானே அடிக்கிறது?

தம்பி: சரி, டிரைவ், ஃபோல்டர், ஃபைல் என்ற மூன்று பெட்டியையும் தூக்கிவிட்டு விண்டோஸின் சொந்த ‘ஓப்பன்’ ஜன்னலையே நேராகக் கூப்பிடுகிறேன். விபி தரும் ஜன்னல் வேண்டாம், அதுவும் இதே கோத்திரம்.

(காபி வந்து, ஆறி, மறுபடி வருகிறது.)

அண்ணாச்சி: ஆகா! ராமு, கோபி, முத்து, எல்லாரும் பெயரோடு இருக்கிறார்களே! (ஒன்றைத் தொடுகிறார்) தம்பி, மேலே ‘தேர்ந்தெடுத்த ஃபைல்’ என்ற இடத்தில் நாலு கேள்விக்குறி நிற்கிறது.

தம்பி: அது லேபிள், அண்ணாச்சி. அதற்கும் யூனிகோடு தெரியாது. சரியான ஃபைல்தான் போகும், பெயர்தான் தெரியாது. திங்கட்கிழமை மாற்றித் தருகிறேன்.

அண்ணாச்சி: அதுவரைக்கும் கோபியைக் கோபாலகிருஷ்ணன் என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.