காரை இறக்கி வைத்து போல்ட்டை முறுக்கினால் என்ன?

ஒரே ஒரு லோயர் ஆர்ம், அதாவது முன்சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் இரும்புக் கை. அதை மாற்ற எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

என்னுடையது 2004 மாடல் மாருதி 800. போன வருடம் முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்று சத்தம். பட்டறைக்காரர் பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, “ஷாக் அப்சார்பர் போயிருச்சு சார், ஜோடியா மாத்திடுங்க” என்றார். மாற்றினேன். சத்தம் அப்படியேதான் இருந்தது. திரும்பப் போனால், “அப்ப ஆர்ம் புஷ்ஷா இருக்கும்.” இருக்குமாம்! ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அதையும் மாற்றினேன். நாலே மாதத்தில் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. கேட்டால், “ரோடு அப்படி சார்.”

ரோடும் அப்படித்தான். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்தில், அகலமாக, மெல்ல ஏறி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது வயல் வரப்பு. வெள்ளைப் பெயின்ட்கூடக் கிடையாது.

சரி, நாமே பார்ப்போம் என்று ஸ்டாண்டு போட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்) கடப்பாரையால் நெம்பினால், ஆர்மின் சக்கரப் பக்க நுனியில் இருக்கும் மூட்டு, பால் ஜாயிண்ட், ஆடுகிறது. சத்தம் அதிலிருந்துதான். முதல் நாளே ஒருவர் இப்படி நெம்பிப் பார்த்திருந்தால் ஷாக் காசு மிச்சம்.

அப்புறம் அந்த நக்கிள் போல்ட், அதாவது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் போல்ட். தளர்த்தினால் போதாது, பால் ஜாயிண்ட் தண்டின் காடியில் உட்கார்ந்திருப்பதால் முழுசாக வெளியே வந்தாக வேண்டும். இருபது வருடத் துரு! ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்கினேன். போல்ட்டின் தலை மழுங்கி உருண்டுவிட்டது. ஒரு வாரம் எண்ணெயில் ஊறவிட்டு, தட்டி, சூடுகாட்டி எடுத்தேன். வாங்கி வந்த ஆர்ம் டூப்ளிகேட், ஓட்டையே சேரவில்லை. அதில் இன்னொரு வாரம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். புது ஆர்மை மாட்டும்போதுதான் பழைய புஷ் ஏன் கிழிந்தது என்று உறைத்தது. அன்று பட்டறையில் நான் பக்கத்திலேயே நின்றேன். சக்கரம் அந்தரத்தில் தொங்க, புஷ் போல்ட்டை இறுக்கி முடித்துவிட்டார்கள். அந்த நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடினாலும் நின்றாலும் முறுக்கியபடியே கிடக்கும். கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையால் லேசாக முறுக்கிவிட்டு, காரை இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகு கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை ஐயா! அந்த இரண்டு நிமிடத்துக்கும் சேர்த்துத்தானே கூலி வாங்கினீர்கள்?