தட்டியது யார்?

சிஸ்டர்: நேற்று நள்ளிரவில் யாரோ விடாமல் கதவைத் தட்டிய சத்தம் உங்கள் காதில் விழுந்ததா, பிரதர்?

பிரதர்: விழுந்ததாவது! தட்டியதே நான்தான், சிஸ்டர். கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது தயங்கலாமா? வியாழக்கிழமைக்குள் பதவி உயர்வு வேண்டுமென்று பரலோகத்தின் கதவை மூன்று மணிநேரம் தட்டினேன்.

சிஸ்டர்: நான் சொல்வது உங்கள் வீட்டுக் கதவை. தட்டியது நான்.

பிரதர்: நீங்களா? எதற்காக?

சிஸ்டர்: விருந்துக்கு வந்திருந்த தங்கையின் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, மருந்துப் புட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் ஒரு சொட்டு விழவில்லை. உங்கள் ஜன்னலில் வெளிச்சம் தெரியவே ஓடி வந்தேன். நான் ஒரு முறை தட்டினால் நீங்கள் ஒரு அல்லேலூயா சொன்னீர்கள். பதினோராவது அல்லேலூயாவோடு திரும்பிவிட்டேன்.

பிரதர்: ஐயோ! ஜெபத்தைக் கலைக்கச் சாத்தான் தட்டுகிறான் என்றல்லவா நினைத்தேன்!

சிஸ்டர்: தெரியும். 'அப்பாலே போ' என்று கடிந்துகொண்டீர்கள், போய்விட்டேன்.

பிரதர்: கதவையும் பூட்டியாயிற்று, பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள், அதனால்தான்...

சிஸ்டர்: அந்த வாக்கியம் லூக்கா 11ஆம் அதிகாரத்தில், நள்ளிரவில் அப்பம் கடன் கேட்டுத் தட்டும் சிநேகிதனின் உவமையில், ஏற்கெனவே இருக்கிறது, பிரதர், ஆனால் அதைச் சொன்னவர் வெளியே நின்று தட்டியவர் அல்லர். அது போகட்டும், உங்கள் சத்தத்திலும் உறங்கும் பிள்ளைகளுக்காக முதலில் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

(இந்த இடத்தில் நான் சிஸ்டரின் கட்சி. ஜெபக்கூட்டத்தில் இத்தகைய பிரதருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கும் வாய்த்திருக்கிறது.)

பிரதர்: சத்தமிடாமல் எப்படி ஊக்கமாக ஜெபிப்பது?

சிஸ்டர்: பிள்ளை வேண்டி ஜெபித்த அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தமோ கேட்கப்படவில்லை, இருந்தும் சாமுவேல் பிறந்தான். கர்மேல் மலையில் காலைமுதல் மத்தியானம்வரை தங்கள் தெய்வத்தை நோக்கிக் கத்திய பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு என்ன கிடைத்தது?

பிரதர்: அநீதியுள்ள நியாயாதிபதியை ஒரு விதவை ஓயாமல் தொந்தரவு செய்துதானே காரியத்தைச் சாதித்தாள்? அவளும் தனக்காகத்தானே கேட்டாள்?

சிஸ்டர்: அவள் நியாயத்தைக் கேட்டாள், வியாழக்கிழமைக்குள் பதவி உயர்வைக் கேட்கவில்லை. சோதோமை அழிக்க வேண்டாமென்று ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை ஆறு முறை பேரம் பேசினாரே, அதைவிடத் துணிச்சலான ஜெபம் உண்டா? ஆனால் நடுவிலே தாம் தூளும் சாம்பலும் என்று சொல்லிக்கொண்டார்; கேட்டதும் அடுத்தவர் ஊருக்காக. நள்ளிரவில் தட்டிய சிநேகிதன் கடன் கேட்ட மூன்று அப்பங்களும் வழிப்பயணமாய் வந்த விருந்தாளிக்குத்தான். கிருபாசனத்தண்டைக்குத் தைரியமாய்ச் சேரச் சொன்ன எபிரெயர் நிருபத்தில் வியாழக்கிழமை என்று எங்கே இருக்கிறது?

பிரதர்: அந்த வியாழக்கிழமை ஒரு விசுவாச அறிக்கை, சிஸ்டர்.

சிஸ்டர்: அதற்கு முந்தைய நான்கு வியாழக்கிழமைகளுமா?

பிரதர்: பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டவுடன், 'என் கிருபை உனக்குப்போதும்' என்று பதிலாவது வந்தது. எனக்கு எந்தப் பதிலும் வரவில்லையே!

சிஸ்டர்: வந்து கதவைத் தட்டியிருக்கும், நீங்கள் கடிந்துகொண்டு அனுப்பியிருப்பீர்கள்.

பிரதர்: ...குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது?

சிஸ்டர்: ஆலயத்தின் பக்கமே வராத மாடிவீட்டுக்காரர் முதல் தட்டலிலேயே எழுந்து வந்து மருந்து கொடுத்தார். காய்ச்சல் சற்றுத் தணிந்திருக்கிறது.

பிரதர்: இன்றிரவு குழந்தைக்காக மூன்று மணிநேரம் ஜெபிக்கிறேன்.

சிஸ்டர்: கட்டாயம் ஜெபியுங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. மருந்து தீர்ந்தால் மறுபடியும் நான்தான் தட்ட வேண்டும்.