அலைன்மென்ட் திரையில் பச்சை வந்தால் போதுமா?

பிரேக், வீல் அலைன்மென்ட் வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் என்ன வேலை தருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சக்கரம் கழற்றுவது, மாட்டுவது, தரை துடைப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. அதில் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் வருடம் திரும்பியும் கையில் மைக்ரோமீட்டர் (கனத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி) ஏறாத அப்ரண்டிஸ்கள் நிறைய. பயிற்சிப் பதிவேட்டில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் 'கற்றுக்கொண்டார்' என்று சீனியரின் கையெழுத்து விழுந்திருக்கும். என் சண்டை அந்தக் கையெழுத்தோடுதான்.

பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை) மாற்றச் சில நாளில் பழகிவிடலாம். எதற்காக மாற்றுகிறோம் என்பது பிடிபடத்தான் காலம் ஆகும். பிரேக் மிதித்தால் பெடல் உதறுகிறது என்று ஒரு கார் வருகிறது. 'டிஸ்க் வளைஞ்சிருச்சு, மாத்து' என்று உடனே தீர்ப்பு வரும். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, அதன் கனம்தான் சுற்றிலும் ஒரே அளவாக இருக்காது. ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி) முகத்தில் படிந்த துருவைத் தேய்த்து எடுக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது மயிரிழை சாய்ந்து உட்காரும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் மறுபடி உதறும். பழி டிஸ்க் தயாரித்தவன் மேல் விழும்.

ஹப்பைச் சுத்தம் செய்து, டிஸ்க்கை நட்டுப் போட்டு இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். பல கார்களில் அனுமதிக்கிற ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அலைன்மென்ட் கதை இன்னும் மோசம். கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) எல்லாம் மெஷின் திரையில் வருகின்றன. சிவப்பைப் பச்சையாக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கப் பழக்கிவிடுகிறோம். டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ஆடிக்கொண்டிருந்தாலும் அசையாமல் நிற்கிற வண்டியில் திரை பச்சையாகத்தான் காட்டும். ரோட்டில் இறங்கியதும் டோ தன் இஷ்டத்துக்குப் போகும். டயர் காற்று, பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷன் மூட்டு), ஸ்பிரிங் தொய்வு, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும். பின் சக்கரத்தைச் சரி செய்யாமல் முன்னால் மட்டும் திருகினால், வண்டி நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இப்போது வருகிற பல வண்டிகளில் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார், முன் கேமரா காலிபரேஷன் வேறு பார்க்க வேண்டியிருக்கிறது.

சீனியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல ஒர்க்‌ஷாப்பில் அவர்களுக்குச் சம்பளமே எத்தனை வண்டி முடித்தார்கள் என்பதை வைத்துத்தான். பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிற நேரம் அவர் பையிலிருந்து போகிறது. அப்புறம் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கும் கூலி கணக்கிட வேண்டும். அது முதலாளி தலையில் விழும் செலவுதான், மறுக்கவில்லை. திரும்பி வருகிற வண்டிக்கு இலவசமாகச் செய்து கொடுப்பதும் செலவுதானே?

கையெழுத்துக்கு என் யோசனை இதுதான். முன்பின் பார்க்காத ஒரு வண்டியை அப்ரண்டிஸிடம் விடுங்கள். டிஸ்க் கனம் எவ்வளவு, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு, பிரேக் ஆயிலில் ஈரம் எவ்வளவு, எந்த ஜாயின்டில் ஆட்டம், எல்லாம் அளந்து எழுதட்டும். ஆயிலைச் சும்மா சேர்க்கவில்லை. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கிற சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தொபுக்கென்று உள்ளே போவதற்கு இது போதும். எழுதியதைச் சீனியர் தானும் அளந்து சரிபார்க்கட்டும், பிறகு கையெழுத்துப் போடட்டும். எத்தனை மணி நேரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றார் என்ற கணக்கு அதற்கு ஈடாகாது.

இப்போது அப்ரண்டிஸாக இருக்கிறவர்கள் ஒர்க்‌ஷாப் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். கழற்றிய பேடைக் குப்பையில் போடும் முன் உள் பேடையும் வெளிப் பேடையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சீனியரிடம் காட்டிவிட்டுப் புதுப் பேடை மாட்டுங்கள்.