மோட்டாரைக் குத்தம் சொல்லாதீங்க, ரப்பரைப் பாருங்க!

மலேசியாவுல, நம்ம சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரெக்கார்டு பிளேயர் உறுமுதுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாருங்க. "பழைய மிஷின்ணே, அப்படித்தான் சத்தம் போடும்." இல்லன்னா துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை மோட்டாருக்குள்ள சர்ருன்னு அடிச்சு, கூலியை வாங்கிட்டு அனுப்பிடறாங்க. வயிறு எரியுது!

அந்த ஸ்ப்ரே என்ன பண்ணும் தெரியுமா? மோட்டார் தண்டைத் தாங்குற வெண்கல புஷ், பொடியை அழுத்திச் சுட்டுச் செஞ்சது. நுண்ணிய துளை பூராவும் எண்ணெய் ஊறியிருக்கும். ஸ்ப்ரே அதைக் கழுவித் தள்ளிடும். கொஞ்ச நாள் அமைதியா ஓடும், அப்புறம் உலோகத்தோட உலோகம் உரசிக் கத்தும். உடனே "மோட்டார் போச்சு"ன்னு தீர்ப்பு! சமையல் எண்ணெய் விடறவங்க இன்னும் மோசம். அது பிசினாகித் தண்டையே கவ்விக்கும்.

முதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாருங்கய்யா! பெல்ட்டைக் கழட்டி, மோட்டாரை மட்டும் ஓட விட்டு, நிக்கிற ரெக்கார்டு மேல ஊசியை வைங்க. உறுமல் கேட்டு, ஊசியைத் தூக்கினதும் நின்னுட்டா அது மோட்டார் அதிர்வு. தூக்கின பிறகும் அதே "ம்ம்ம்" கேட்டா எர்த் ஒயரையும் கேபிளையும் பாருங்க.

ரப்பர் மரம் சீவி வளர்ந்த ஊரு இது. பழைய ரப்பர் இறுகிப் போகும்னு இங்க யாருக்காவது சொல்லித் தரணுமா? மோட்டாரைப் பலகையில ஒட்டவிடாம தாங்குற ரப்பர் வளையங்களை நகத்தால அழுத்துங்க. அமுங்கி எழும்பலன்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்துங்க, ஒன்னு மட்டும் புதுசுன்னா மோட்டார் சாயும். ஸ்க்ரூவை முறுக்கி ரப்பரை நசுக்காதீங்க! தள்ளினா மோட்டார் லேசா ஆடணும், அதுக்காகத்தானே அந்த ரப்பரே இருக்கு.

தோரன்ஸ் டிடி 160-ங்கிற ரெக்கார்டு பிளேயர்ல இருக்கிற 16 துருவ (காந்த முனை) மோட்டார் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல நிமிஷத்துக்கு 375 சுத்து. லென்கோ எல்75 பிளேயர்ல நாலே துருவம், கிட்டத்தட்ட 1500 சுத்து. அதாவது வினாடிக்கு 25 தடவை குலுக்கும், அது நேரா ஸ்பீக்கர்ல இறங்கும். அதனாலதான் அந்த மோட்டாரை ஸ்பிரிங்ல தொங்க விட்டிருக்காங்க. அதுக்கடியில ஸ்பாஞ்சைத் திணிக்கிறீங்களே, நியாயமா?

காய்ஞ்ச புஷ்ஷை மீட்கலாம். பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடிகள் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கோடு போட்டுக்கிட்டுப் பிரிங்க. தண்டையும் புஷ்ஷையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைங்க. புஷ்ஷை மட்டும் தனியா எடுத்து ஐஎஸ்ஓ 32 (எண்ணெயோட கெட்டித்தன்மை அளவு) டர்பைன் எண்ணெயில மூழ்க வெச்சு, புகை வராத அளவுக்கு மெல்லச் சூடாக்குங்க. உள்ள இருக்கிற காத்து குமிழா கிளம்பும். குமிழ் அடங்கினதும் எண்ணெயிலயே ஆற விடுங்க. ஆறும்போதுதான் உறிஞ்சும், அவசரப்பட்டு வெளிய எடுத்தா எல்லாம் வீண். மறுபடி பூட்டும்போது ஸ்க்ரூவை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, மோட்டார் கூட்டைத் தட்டித் தட்டித் தண்டைச் சுத்திப் பாருங்க. எங்கயும் இறுகாம சுத்தணும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவங்கதான் புது மோட்டார் விக்கிறாங்க!

இவ்வளவும் செஞ்சு இன்னும் அதிருதா? சின்க்ரனஸ் மோட்டாரா (கரண்டோட ஹெர்ட்ஸுக்கு ஏத்த வேகத்துலயே சுத்துற மோட்டார்) இருந்தா கபாசிட்டரைச் சோதிங்க. அது தேஞ்சா ரெண்டு சுருளுக்கும் நடுவுல இருக்கிற கட்டம் (ஃபேஸ்) தப்பி மோட்டார் நடுங்கும். பழைய கபாசிட்டர் மேல எழுதியிருக்கிற அதே மைக்ரோபேரட், வோல்ட் அளவு குறையாம, ஏசிக்கு ஏத்ததா வாங்கிப் போடுங்க. பெட்டியில கிடைச்சதை எடுத்துப் போடறவர்கிட்ட மிஷினைக் கொடுக்காதீங்க.